நாலரை மணி மேட்சுக்கு மதியம் என்ன சாப்பிடுவது?

ஃபுட்பால் மேட்ச் அன்றைக்கு என்ன சாப்பிட்டால் நல்லா ஓடலாம் என்று எங்கள் பையன்களிடம் கேட்டால் பாதிப் பேர் யோசிக்காமல் சொல்லும் பதில் கறி. மீதிப் பேர் முட்டை என்பார்கள். சோறு என்று ஒருத்தனும் சொல்ல மாட்டான், ஏனென்றால் சோறு தின்றால் தூக்கம் வரும், தொப்பை விழும், அது வீட்டில் சும்மா இருக்கிறவன் சாப்பாடு என்று யாரோ இவர்கள் மண்டையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஜிம்முக்குப் போகும் அண்ணன்மார், யூடியூபில் சட்டையைக் கழற்றிவிட்டுப் பேசுகிறவர்கள், புரோட்டீன் டப்பா விற்கிறவர்கள் எல்லாருக்கும் இதில் பங்கு உண்டு.

நான் குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஒரு ஊர் டீமைப் பார்த்துக்கொள்கிறவன். கோச் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் சான்றிதழ் எதுவும் கிடையாது. பந்து வாங்குவது, ஜெர்சிக்கு ஸ்பான்சர் பிடிப்பது, வேன் பேசுவது, வயிறு சரியில்லை என்று ஒரு பையன் பாதி மேட்சில் உட்கார்ந்துவிட்டால் அவன் அம்மாவிடம் பேச்சு வாங்குவது, இதெல்லாம் என் டிபார்ட்மென்ட். இந்தக் கடைசி வேலைதான் என்னைச் சாப்பாட்டு விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்க வைத்தது.

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தூத்தூரும் அதைச் சுற்றியுள்ள மீனவ ஊர்களும் கிரிக்கெட்டுக்கு மசியாத ஊர்கள். வடசென்னைக்கு வியாசர்பாடி எப்படியோ அப்படி. மாநிலங்களுக்குள் நடக்கும் சந்தோஷ் டிராபிக்குப் போகும் தமிழ்நாடு டீமில் இந்தக் கரையின் பெயர் இருப்பது புதிதில்லை. ஊருக்கு ஊர் கிளப் உண்டு, கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கோயில் திருவிழா என்று ஏதாவது ஒரு சாக்கில் டூர்னமென்ட் உண்டு. மேட்ச் பெரும்பாலும் சாயங்காலம் நாலு, நாலரைக்கு. அதாவது மதியச் சாப்பாட்டுக்கும் விசிலுக்கும் நடுவில் இருக்கிற அந்த மூன்று நாலு மணி நேரம்தான் எங்கள் தலைவலி.

கறி மேல் இருக்கும் நம்பிக்கைக்கு நம் ஊரை மட்டும் குறை சொல்ல முடியாது. இங்கிலாந்தில் 1960கள், 70களில் காசு வாங்கி ஆடுகிற ஆட்டக்காரர்களே மேட்சுக்கு மூன்று மணி நேரம் முன்னால் உட்கார்ந்து மாட்டிறைச்சி ஸ்டேக் வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மோதி விளையாடுகிறவனுக்கு மாட்டின் பலம் வேண்டும் என்கிற கணக்கு. அந்த ஊரிலேயே இதற்கு நேர் எதிராகவும் ஒரு ஆள் இருந்தார், ஸ்டான்லி மேத்யூஸ். இறைச்சி தொடாதவர், திங்கட்கிழமை பட்டினி கிடப்பவர் என்று பெயர் எடுத்தவர். 1956இல், ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான முதல் பாலன் டி'ஓர் விருது அவருக்குத்தான். 1965இல், ஐம்பது வயது முடிந்து ஐந்தாவது நாள், முதல் டிவிஷனில் தன் கடைசி மேட்சை ஆடினார். அவரைப் பார்த்தும் மற்றவர்கள் ஸ்டேக்கை விடவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

கறியில் என்ன தப்பு? கறியில் ஒரு தப்பும் இல்லை, நேரம்தான் தப்பு. மைதானத்தில் ஓடும்போது உடம்பு முக்கியமாக எரிப்பது தசைக்குள் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜனை. அது சோறு, கிழங்கு, பழம் மாதிரி மாவுச்சத்தும் சர்க்கரையும் உள்ள சாப்பாட்டிலிருந்து வருவது. உடம்பிலிருக்கும் தசை எல்லாவற்றிலும் சேர்த்து 300 முதல் 500 கிராம், ஈரலில் 100 கிராமை ஒட்டி, அவ்வளவுதான் கையிருப்பு. நடுக்களத்தில் ஆடுகிறவன் 90 நிமிடத்தில் 10, 12 கிலோமீட்டர் ஓடுகிறான். அதில் முழு வேகத்தில் பாய்வது கொஞ்ச தூரம்தான், ஆனால் கிளைக்கோஜனை வேகமாகக் காலி பண்ணுவது அந்தப் பாய்ச்சல்தான். டென்மார்க்கில் மேட்ச் முடிந்த கையோடு ஆட்டக்காரர்களின் தொடையிலிருந்து தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதி இழைகளில் கிளைக்கோஜன் காலி, அல்லது காலியாகப் போகிற நிலை. அதற்கு வெகு முன்பே, 1973இல், சுவீடனைச் சேர்ந்த பெங்ட் சால்டின் என்கிற உடலியல் அறிஞர் ஒரு விஷயத்தை எழுதிவிட்டார்: கிளைக்கோஜன் குறைவாக இருந்த நிலையில் மேட்சில் இறங்கியவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த தூரமே ஓடினார்கள், அதிலும் நிறைய நேரம் நடந்தார்கள், இரண்டாம் பாதியில் இன்னும் மோசம்.

இதைக் கண்ணால் பார்க்க ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை. எழுபதாவது நிமிடத்துக்குமேல், பந்து தன் பக்கம் வந்துவிடக் கூடாதே என்று பார்த்துக்கொண்டு நிற்கும் விங்கரை, அதாவது ஓரத்தில் ஆடுகிறவனை, எந்த மைதானத்திலும் பார்க்கலாம். அவன் சோம்பேறி இல்லை. காலையில் பயந்து பயந்து ரெண்டு முட்டை மட்டும் சாப்பிட்டவனாக இருப்பான்.

அந்த ஸ்டேக் கலாசாரம் ஆட்டம் காணத் தொடங்கியதில் ஒரு பிரெஞ்சுக்காரருக்குப் பெரிய பங்கு உண்டு. 1996இல் ஆர்சென் வெங்கர் ஜப்பானின் நகோயா கிளப்பிலிருந்து அர்செனலுக்கு மேனேஜராக வந்தார். அங்கே மீனும் சோறும் வேகவைத்த காய்கறியும் தின்று மெலிந்து திடமாக இருந்த மனிதர்களைப் பார்த்துவிட்டு வந்தவர், லண்டனில் அர்செனல் சாப்பாட்டு மேசையையே மாற்றினார். வேகவைத்த கோழி, மீன், பாஸ்தா, ஆவியில் வேகவைத்த காய். சாக்லேட்டுக்குத் தடை. அவருடைய முதல் மேட்ச் பிளாக்பர்னில். போகிற வழியில் பஸ்ஸில் "எங்களுக்கு மார்ஸ் பார் வேணும்" என்று ஆட்டக்காரர்கள் கோஷம் போட்டார்களாம். மேட்சில் 2-0 என்று ஜெயித்தார்கள், ரெண்டு கோலும் இயான் ரைட். 1998இல் லீக், எஃப்.ஏ. கப் ரெண்டும் அவர்களுக்கு. சாப்பாடு மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன், டென்னிஸ் பெர்க்காம்ப் உங்கள் டீமில் இருந்தால் வடை தின்றுவிட்டு ஆடினாலும் கொஞ்சம் ஜெயிக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு இங்கிலாந்தில் மேட்ச் சாப்பாட்டை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். ஐரோப்பிய ஃபுட்பால் கூட்டமைப்பான யூஃபா நிபுணர்களைக் கூட்டிச் சில வருடங்களுக்கு முன் ஒரு அறிக்கை வெளியிட்டது. அதில் நமக்கு வேண்டிய கணக்கு ரெண்டுதான். மேட்சுக்கு முந்தின நாளும் மேட்ச் நாளும் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 6 முதல் 8 கிராம் மாவுச்சத்து. மேட்சுக்கு 3, 4 மணி நேரம் முன்னால் சாப்பிடும் சாப்பாட்டில் கிலோவுக்கு 1 முதல் 3 கிராம். எங்கள் பையன்களின் எடை அறுபது கிலோவை ஒட்டி இருக்கும். அப்படியானால் முந்தின நாள் முழுக்க 360 முதல் 480 கிராம். வடித்த வெள்ளைச் சோறு 100 கிராமில் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. சோறு மட்டும் தின்று 400 கிராம் எட்ட வேண்டுமென்றால் ஒன்றரை கிலோச் சோற்றுக்குக் கிட்டே போய்விடும், யாராலும் முடியாது. ஆனால் காலையில் இட்லி, மதியம் சோறு, சாயங்காலம் அவித்த மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி), நடுவில் ரெண்டு ஏத்தன்பழம் (நேந்திரம்), ராத்திரி மறுபடி சோறு என்று போனால் தன்னால் வந்துவிடும். மரச்சீனியில் அதே எடைக்குச் சோற்றைவிட மாவுச்சத்து கூடுதல். பெரிய ஏத்தன்பழம் ஒன்றில் 30 கிராமுக்குக் குறையாது. மரச்சீனியும் மீன்குழம்பும் என்பது எங்கள் ஊரில் ஏழை வீட்டுச் சாப்பாடு, அதையே தட்டில் அழகாக வைத்துப் படம் எடுத்தால் ஐரோப்பியக் கிளப்பின் முந்தின நாள் மெனுவில் சேர்த்துவிடலாம்.

முந்தின நாள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தசையிலிருக்கும் கையிருப்பு மேட்ச் அன்று மதியம் தின்கிற ஒரு தட்டில் நிரம்புவதில்லை, அதற்கு ஒரு முழு நாள் வேண்டும், அந்த நாளில் உடம்பையும் அதிகம் வாட்டக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை மேட்சை வைத்துக்கொண்டு சனிக்கிழமை காலையில் கடற்கரை மணலில் பத்து ரவுண்டு ஓடவிடுகிற பெரியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்கள் ஆசையாகச் சேர்த்துவைக்கச் சொல்வதை அவர்களே செலவழிக்க வைக்கிறார்கள்.

மேட்ச் நாள் காலைச் சாப்பாட்டை விடவே கூடாது. ராத்திரி தூங்கும்போது ஈரலிலிருக்கும் கையிருப்பு பெருமளவு கரைந்துபோகிறது, மூளைக்கு ராத்திரி முழுக்க சர்க்கரை போய்க்கொண்டே இருந்தாக வேண்டுமே. இட்லி நல்லது. புட்டும் பழமும் நல்லது. புட்டும் கடலையும் மற்ற நாளில் அருமை, மேட்ச் நாளில் வேண்டாம். கடலையும் பயறும் வயிற்றில் வாயுவைக் கிளப்பும். கஞ்சியும் பயறும் எங்கள் ஊரின் அடையாளம், பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் ஊற்றுவதே அதுதான், ஆனால் மேட்ச் நாளில் கஞ்சிக்குத் துவையல் போதும். சிவப்பு அரிசிச் சோறும் அப்படித்தான். நார்ச்சத்து நல்லது என்று டாக்டர் சொல்வது வாழ்க்கைக்கு, மேட்சுக்கு முந்தின நாலு மணி நேரத்துக்கு இல்லை. அன்றைக்கு வெள்ளரிசி.

மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்குள். ஒரு மணி தாண்டினால் நான் கத்த ஆரம்பித்துவிடுவேன். ஒரு தட்டு வெள்ளைச் சோறு, தேங்காய் அதிகம் அரைக்காத மீன்குழம்பு, குழம்பு மீனிலேயே ரெண்டு துண்டு, பொரித்த மீன் கிடையாது, கடைசியில் ரசம் அல்லது மோர். அறுபது கிலோ ஆளுக்கு நானூறு கிராம் சோறு இருந்தால் கிலோவுக்கு 2 கிராம் கணக்கு ஏறக்குறைய வந்துவிடும். மூன்று மணிக்கு மட்டிப்பழம் ரெண்டு. மட்டிப்பழம் எங்கள் மாவட்டத்துச் சின்னப் பழம், 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, வாயில் போட்டால் கரையும், வயிற்றிலும் அப்படித்தான். அப்புறம் விசில் வரை தண்ணீர், அதுவும் மடக்கு மடக்காக.

இவ்வளவு எளிமையான விஷயம் எங்கே கெடுகிறது என்றால், விருந்தோம்பலில். வெளியூர் டூர்னமென்ட்டுக்குப் போகிறோம், கமிட்டிக்காரர்கள் அன்பானவர்கள், வந்த டீமுக்கு மதியம் பிரியாணி. பெயர் சொல்லமாட்டேன், ஒரு ஊரில் எங்களுக்கு மூன்றரைக்கு மேட்ச், பிரியாணி வந்து சேர்ந்தது ஒன்றே முக்காலுக்கு. டால்டா மினுங்குகிற மட்டன் பிரியாணி, கூடவே முட்டை, கூடவே தொக்கு. மூடியைத் திறந்ததும் என் பேச்சு யார் காதிலும் ஏறவில்லை. எங்கள் லெஃப்ட் விங், பதினேழு வயது, ரெண்டாவது தடவை வாங்கித் தின்றான். மேட்ச் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பார்க்கிறேன், வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு லேசாகக் குனிந்த மாதிரி ஓடுகிறான், ஒரு பாய்ச்சல் முடிந்ததும் நின்று உதட்டைக் குவித்து ஊதுகிறான், திரும்ப ஓடுகிறான், திரும்பக் கை விலாவுக்குப் போகிறது. பந்து அவன் பக்கம் போனபோது எங்கள் சென்டர் ஹாஃப் "லேய், ஓடுலே" என்று கத்துகிறான். இவன் திரும்பிப் பார்த்து என்னிடம், "அண்ணே, குத்துது அண்ணே." இருபத்தைந்தாவது நிமிடம் உள்ளே கூப்பிட்டுவிட்டேன். லைனைத் தாண்டியதும் வேலிக்குப் பின்னால் போய் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, "இப்ப எறங்கட்டுமா?" என்று கேட்டான். அந்த வயது அப்படி.

விலாவில் வரும் இந்தக் குத்தலுக்குக் காரணம் என்ன என்று இன்னும் அறிஞர்களுக்குள்ளேயே ஒருமித்த பதில் இல்லை, ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே ஓடினால் அது கூடும் என்பதிலும், கெட்டியான இனிப்புச் சாறு குடித்தால் கூடும் என்பதிலும் தகராறு கிடையாது. பிரியாணியில் அரிசி இருக்கிறதே அண்ணே என்று அந்தப் பையன் பிறகு என்னிடம் வக்கீல் மாதிரி கேட்டான். இருக்கிறதுதான். ஆனால் கொழுப்பு சிறுகுடலுக்குள் இறங்க ஆரம்பித்ததும் குடல் இரைப்பைக்கு மெதுவாகத் தள்ளு என்று சொல்லிவிடும், அதனால் அரிசியும் மேலேயே தங்கிவிடுகிறது. ஓட ஆரம்பித்ததும் ரத்தம் வயிற்றை விட்டுக் கால் தசைக்குப் போய்விடுகிறது. மேலே நிற்கும் சாப்பாட்டைக் கவனிக்க ஆளில்லை. பரோட்டாவும் பீஃபும் இதே கதை, எண்ணெய் இன்னும் ஒரு படி அதிகம். இப்போதெல்லாம் அழைப்பு வந்தவுடன் கமிட்டிக்கு நான் சொல்லிவிடுவது, பிரியாணி கட்டாயம் வேண்டும், ஆனால் மேட்ச் முடிந்த பிறகு. முதலில் முகம் சுளிப்பார்கள். ராத்திரி வரைக்கும் டீம் அங்கேயே இருந்து அடுத்த மேட்சையும் பார்க்கும் என்றால் கூட்டம் கூடுகிறதே என்று சந்தோஷப்படுவார்கள்.

வெளிச்சாப்பாடு என்றதும் டாட்டன்ஹாம் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2006 மே 7, பிரீமியர் லீக் கடைசி நாள். நாலாவது இடம் கிடைத்தால் சாம்பியன்ஸ் லீக். டாட்டன்ஹாம் நாலாவது இடத்தில், அர்செனல் ஒரு புள்ளி பின்னால். முந்தின ராத்திரி டாட்டன்ஹாம் ஆட்டக்காரர்கள் லண்டனில் ஒரு ஹோட்டலில் தங்கிச் சாப்பிட்டார்கள். விடியும்போது பத்துப் பேர் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தார்கள். மேட்சைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கெஞ்சியும் நடக்கவில்லை. வெஸ்ட் ஹாமிடம் 2-1 என்று தோற்றார்கள். அர்செனல் தன் பழைய மைதானமான ஹைபரியில் ஆடிய கடைசி மேட்சில் விகனை 4-2 என்று அடித்தது, ஹென்றி மூன்று கோல், நாலாவது இடம் பறிபோனது. ஹோட்டலில் தின்ற லசான்யா என்கிற இத்தாலியச் சாப்பாடுதான் காரணம் என்று ஊரே பேசியது, இன்றைக்கும் அதை லசான்யா விவகாரம் என்றுதான் சொல்கிறார்கள். பரிசோதனை முடிவு வந்தபோது லசான்யா நிரபராதி. நோரோவைரஸ், ஆளுக்கு ஆள் ஒட்டுகிற வயிற்று வைரஸ்.

இந்தக் கதையை நான் பையன்களுக்குச் சொல்வது சிரிப்பதற்கு மட்டுமில்லை. ஒரே பாட்டிலை எல்லாரும் வாய்வைத்துக் குடிப்பது, சாப்பிடுமுன் கை கழுவாதது, இது ரெண்டையும் நிறுத்தினால் பாதி வயிற்றுப் பிரச்சினை நின்றுவிடும். எங்கள் டீமில் பாட்டில் ஆளுக்கு ஒன்று, மூடியில் ஜெர்சி நம்பர். 1970 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியுடன் காலிறுதிக்கு முன்னால் இங்கிலாந்து கோல்கீப்பர் கோர்டன் பேங்க்ஸ் வயிறு கெட்டுப் படுத்தார், பதிலுக்கு பீட்டர் போனட்டி கோல்கீப்பராக இறங்கினார், 2-0 என்று முன்னால் இருந்த இங்கிலாந்து 3-2 என்று தோற்றது. நல்ல கோல்கீப்பர் ஒருவரின் வயிறு எவ்வளவு விலை என்று இங்கிலாந்துக்காரர்களைக் கேட்டால் இன்னும் பெருமூச்சு விடுவார்கள்.

அடுத்து, குளுக்கோஸ் பவுடர். எல்லா ஊர் மைதானத்திலும் நடப்பதுதான். மேட்சுக்கு முன் ஒருத்தன் டப்பாவைத் திறப்பான், எல்லாரும் உள்ளங்கையை நீட்டுவார்கள், வெள்ளையாக ஒரு குவியல், நாக்கால் நக்கி எடுப்பார்கள், மீசை இல்லாதவனுக்கும் மீசை வந்துவிடும். விசிலுக்கு ரெண்டு நிமிடம் முன்னால் ஒரு சிட்டிகை நக்கினால் ஒன்றும் கெட்டுப்போகாது. அரை மணி, முக்கால் மணி நேரம் முன்னால் கைநிறைய அள்ளிப்போடுவதுதான் சிக்கல். சர்க்கரை சட்டென்று ஏறுகிறது, இன்சுலின் பின்னாலேயே வருகிறது, அதோடு ஓட்டமும் சேர்ந்தால் சிலருக்கு மேட்ச் தொடங்கின முதல் பத்துப் பதினைந்து நிமிடம் சர்க்கரை இறங்கித் தலை லேசாகிவிடும். எல்லாருக்கும் இப்படி ஆகாது, ஆனால் யாருக்கு ஆகும் என்று இறுதிப்போட்டியில் கண்டுபிடிக்க வேண்டாமே. தவிர, காய்ந்த பவுடர் குடலுக்குள் போனால் உடம்பிலிருக்கிற தண்ணீரை அங்கே இழுக்கிறது, தாகம்தான் மிச்சம். இடைவேளையில் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், அப்போது அது வேலை செய்யும். மேட்ச் நடக்கும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போனால் நல்லது என்கிறது அதே யூஃபா அறிக்கை. ஒரு பழமும் ஒரு தம்ளர் சீனித் தண்ணீரும் அந்தக் கீழ்க்கணக்கைத் தொட்டுவிடும்.

தண்ணீர் விஷயத்தில் எங்கள் கடற்கரை மோசமான இடம். ஈரக்காற்றில் வியர்வை காயாது, வழிந்துகொண்டே இருக்கும், மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் போகிறவனும் உண்டு, ஜெர்சியைக் கழற்றிக் காயப்போட்டால் உப்பு வெள்ளைக்கோடாகத் தெரியும். மேட்சுக்கு 2 முதல் 4 மணி நேரம் முன்னால் கிலோவுக்கு 5 முதல் 7 மில்லி, அதாவது அறுபது கிலோ ஆளுக்கு 300, 400 மில்லி, இவ்வளவுதான் சிபாரிசு. ஒரேயடியாக ஒரு லிட்டர் ஊற்றிக்கொண்டு வந்து வயிறு குலுங்க ஓடுகிறவனும் கெட்டான். இளநீர் நல்லதுதானே என்பார்கள். குடிக்க நல்லது, ஆனால் அதில் அதிகம் இருப்பது பொட்டாசியம், வியர்வையில் அதிகம் போவது சோடியம். எனவே இளநீரோடு உப்பும் வேண்டும். உப்பும் சீனியும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் போதும், மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் போதும், அதில் எழுதியிருக்கிற அளவுக்கே தண்ணீர் ஊற்ற வேண்டும். சோடியமும் சர்க்கரையும் சேர்ந்து வந்தால்தான் குடல் தண்ணீரைச் சட்டென்று உள்ளே இழுக்கும், அந்தத் தத்துவத்தில்தான் ஓ.ஆர்.எஸ். வேலை செய்கிறது.

கட்டன் சாயா, அதாவது பால் ஊற்றாத டீ, வேண்டாம் என்று ஒரு காலத்தில் தடை போட்டவர்கள் உண்டு. நான் போடவில்லை. ஒரு சின்ன கிளாஸ் கட்டனில் இருக்கும் காஃபீன் யாரையும் கவிழ்க்காது. ஓட்டத்துக்கு உதவுகிற அளவு என்று சொல்லப்படுவது கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம், அறுபது கிலோ ஆளுக்கு 180 மில்லிகிராமிலிருந்து ஆரம்பம், சாயாவில் அதை எட்டுவது கஷ்டம். எனர்ஜி டிரிங்க்தான் எனக்குப் பிடிக்காதது. 250 மில்லி ரெட் புல் கேன் ஒன்றில் 80 மில்லிகிராம் காஃபீன், ஏறக்குறைய 27 கிராம் சர்க்கரை. பெரிய ஆளுக்கு ஒன்று பரவாயில்லை, பதினைந்து வயதுப் பையனுக்கு எதற்கு? ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கிறவனுக்கு அது கையை நடுங்கவைக்கும், கழிப்பறையைத் தேடவைக்கும். உடனே ஒருத்தன் ஜேமி வார்டியை இழுப்பான். இழுக்கட்டும். லெஸ்டர் லீக் ஜெயித்த 2015-16 சீசனில் மேட்ச் நாளில் மூன்று கேன் ரெட் புல், முந்தின ராத்திரி போர்ட் ஒயின், மேட்சுக்கு முன் சீஸும் ஹாமும் வைத்த ஆம்லெட், பக்கத்தில் பீன்ஸ் என்று வார்டியே சொல்லியிருக்கிறார். நான் மேலே வேண்டாம் என்று சொன்ன எல்லாம் அதில் இருக்கிறது, ஆள் 24 லீக் கோல் அடித்தார். அவர் வயிறு அதற்குப் பழகியது. பழகின வயிறு எதையும் தாங்கும், பழகாத வயிறு இளநீரைக்கூடத் தாங்காது. ஆகவே எதுவானாலும் முதலில் பிராக்டிஸ் நாளில் தின்று பாருங்கள், மேட்ச் நாளில் புதிதாக ஒன்றும் வேண்டாம்.

பச்சை முட்டை குடிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு வரி. வேகவைத்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதத்தை ஒட்டி உடம்பில் சேர்கிறது, பச்சையாகக் குடித்தால் பாதிதான் சேர்கிறது, சால்மொனெல்லா பயம் இலவசம்.

சாப்பிடவே முடியாத பையன்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பெரிய மேட்ச் என்றால் காலையிலிருந்தே தொண்டையில் எதுவும் இறங்காது. எங்கள் கோல்கீப்பர் அப்படி. தட்டைப் பார்த்தாலே குமட்டும் என்பான், அவன் அம்மா "ரெண்டு வாயாவது தின்னுட்டுப் போ மக்களே" என்று பின்னாலேயே வருவார். அவனை வற்புறுத்துவதை நிறுத்தச் சொல்லிவிட்டு, கஞ்சியை உப்புப் போட்டுக் குழைவாகக் கரைத்து தம்ளரில் கொடுக்கச் சொன்னேன். மெல்ல வேண்டியதில்லை என்றதும் உள்ளே போனது. ஒன்றரை மணி நேரம் கழித்து இன்னொரு தம்ளர். முந்தின நாள் நல்லா சாப்பிட்டிருந்தால் மேட்ச் நாளில் இவ்வளவு போதும். கோல்கீப்பர் ஓடுகிற தூரமும் குறைவு.

நோன்பு மாதத்தில் தேங்காய்ப்பட்டணத்துப் பையன்கள் எங்களோடு ஆடுவார்கள். 2021 ஏப்ரலில் லெஸ்டருக்கும் கிரிஸ்டல் பேலஸுக்கும் நடந்த மேட்சில் நோன்பு திறக்கும் நேரம் வந்தபோது, வெஸ்லி ஃபோஃபானாவும் சேக்கு குயாட்டேவும் நோன்பு திறக்கட்டும் என்று கோல் கிக் நேரத்தில் ஆட்டத்தைச் சில நொடி நிறுத்தினார்கள். ராத்திரி லைட் வெளிச்சத்தில் பக்கத்துக்கு ஏழு பேராக ஆடும் செவன்ஸ் மேட்சுகளில் எங்களுக்கும் அது சுலபம், மைதானத்தில் பாங்கு சத்தமே கேட்கும். பேரீச்சம்பழம், தண்ணீர், கொஞ்சம் கஞ்சி, முக்கால் மணி நேரம் கழித்து இறங்கலாம். விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரத்தில் சோறு உண்டு, தாகத்தைக் கிளப்பும் உப்புக்கருவாடு மட்டும் வேண்டாம் என்பேன். பகல் மேட்ச் என்றால் நோன்பு வைத்தவனை முதல் பாதி மட்டும் ஆடவிடுவேன். அதற்காக அவனிடம் நோன்பைப் பற்றிப் பேச்சுக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

செவன்ஸில் இன்னொரு சிக்கல் உண்டு. மேட்ச் எட்டரை, ஒன்பதுக்கு. மதியம் ஒரு மணிக்குத் தின்றுவிட்டு எட்டு மணி நேரம் ஒன்றுமில்லாமல் வருவார்கள், நடுவில் டீக்கடை வடை. ஐந்து மணிக்கு ஒரு முழுச் சாப்பாடு வைக்க வேண்டும் என்பது பையன்கள் வீட்டில் யாருக்கும் ஏறுவதில்லை, ஐந்து மணி சாப்பாட்டு நேரமா என்று கேட்பார்கள். இட்லி கடையில் சொல்லி வைத்து ஆளுக்கு ஐந்தாறு இட்லியும் சாம்பாரும் வாங்கி கிளப் திண்ணையில் வைத்தே கொடுத்துவிடுகிறோம்.

இதைவிட நாங்கள் இன்னும் சரிசெய்யாதது மேட்ச் முடிந்த பிறகு நடப்பது. எங்கள் டூர்னமென்ட் எல்லாம் அடுத்தடுத்த நாள். சனிக்கிழமை காலிறுதி, ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. காலியான தசை முழுசாக நிரம்ப ஒரு நாளுக்கு மேலேயே ஆகும், அந்த நிரப்பல் மிக வேகமாக நடப்பது மேட்ச் முடிந்த முதல் சில மணி நேரத்தில். அந்த நேரத்தில் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? ஜெயித்தால் பைக் ஊர்வலம், தோற்றால் நடுவரைத் திட்டிக்கொண்டு மைதானத்து மூலையில் கூட்டம், ரெண்டிலும் பத்து மணி வரை வயிற்றுக்கு ஒன்றும் கிடையாது, அதற்குப் பிறகு தட்டுக்கடைப் பரோட்டா, சிலருக்கு பீர். ஆறரைக்கு மேட்ச் முடிந்தால் ஏழு மணிக்குள் ரெண்டு பழம், மோர், இருந்தால் அவித்த முட்டை, எட்டு மணிக்குள் சோறும் மீனும். கறி தின்ன ஆசைப்படுகிறவன் அப்போது தின்னட்டும், புரதம் கேட்கிற நேரம் அதுதான், தேய்ந்த தசையை ஒட்டுப்போட அது வேண்டும். போன சீசனிலிருந்து வேனில் ஒரு ஏத்தன்குலையைக் கட்டித் தொங்கவிட்டு வருகிறோம். ஊர்வலத்துக்குப் போகிறவன் கையில் ஒன்றைத் திணித்துத்தான் விடுவது.